சென்னையிலிருந்து மதுரைக்கு: ரயிலா, பஸ்ஸா, காரா?

சென்னைக்கும் மதுரைக்கும் இடையே சாலை வழி ஏறத்தாழ 460 கிலோமீட்டர். ரயில் பாதை அதைவிட முப்பது கிலோமீட்டர் அதிகம். இரவில் ஏறினால் ஒரு தூக்கம், பகலில் ஏறினால் ஒரு நாள் காலி. இந்த இரண்டுங்கெட்டான் தூரத்தால்தான் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் எதில் போவது என்ற விவாதம் வீட்டில் புதிதாகத் தொடங்குகிறது. பெரியவர்கள் ரயில் என்பார்கள், கார் வாங்கி ஒரு வருடம் ஆகாதவர்கள் கார் என்பார்கள், கடைசியில் டிக்கெட் கிடைக்காமல் பாதிப்பேர் பஸ்ஸில் வருவார்கள்.

வந்தே பாரத் ஐந்தே முக்கால் மணி நேரம், கார் எட்டு, பஸ் எட்டரை ஒன்பது என்று எழுதிவைத்துவிட்டு ரயில்தான் வேகம் என்று முடித்துவிடலாம். ஆனால் அந்தக் கணக்கு எழும்பூர் நடைமேடையில் தொடங்கி மதுரை நடைமேடையில் முடிகிறது. நடைமேடையில் யாரும் குடியிருப்பதில்லை. சென்னையில் உங்கள் வீடு எந்தப் பக்கம், மதுரையில் இறங்கி எங்கே போக வேண்டும், கூட வருகிறவர்கள் எத்தனை பேர் என்ற மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். மீதிப் பாதி டிக்கெட் கிடைப்பதைப் பொறுத்தது.

முதலில் சென்னையில் கிளம்பும் இடத்தைப் பார்ப்போம். பழைய கணக்கு மொத்தமும் மாறியது இங்கேதான். 2002 முதல் தென்மாவட்ட பஸ்கள் எல்லாம் கோயம்பேட்டிலிருந்து கிளம்பின. நகரின் எந்த மூலையிலிருந்தும் ஒரு மாநகரப் பேருந்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். 2023 டிசம்பர் 30 அன்று வண்டலூரைத் தாண்டி கிளாம்பாக்கத்தில் புதிய முனையம் திறக்கப்பட்டது. அரசு விரைவு பஸ்களும், அடுத்த சில வாரங்களில் ஆம்னி பஸ்களும் அங்கே போயின. நகர நெரிசலுக்கு அது நல்லதாகவே இருக்கலாம். பெரம்பூரிலோ திருவொற்றியூரிலோ ஆவடியிலோ இருப்பவரிடம் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். இரவு ஒன்பது மணி பஸ்ஸுக்கு அவர் ஆறரைக்கே வீட்டைப் பூட்ட வேண்டும். இரண்டு பெட்டி, ஒரு குழந்தை என்றால் வாடகைக் கார். அதற்குக் கொடுக்கிற பணம் கிளாம்பாக்கத்திலிருந்து மதுரைக்கு அரசு பஸ் கேட்கிற கட்டணத்தைத் தாண்டிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வடசென்னைக்காரருக்கு எழும்பூர்தான் பக்கம். அவர் பஸ்ஸைப் பற்றி யோசிக்க வேண்டியது ரயில் டிக்கெட் கிடைக்காத நாளில் மட்டும்தான்.

தாம்பரம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் ஆட்களுக்கு இது அப்படியே தலைகீழ். பஸ் வாசலுக்கு வந்துவிட்டது. பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரி, நாவலூர்ப் பக்கம் வேலை பார்ப்பவர்களும் கேளம்பாக்கம் – வண்டலூர் சாலையைப் பிடித்து வந்துவிடலாம். இந்தப் பக்கத்து ஆட்கள் ரயிலில் போவதாக இருந்தாலும் எழும்பூருக்குப் போக வேண்டியதில்லை. மதுரை செல்லும் ரயில்களில் பெரும்பாலானவை தாம்பரத்தில் நிற்கின்றன. முன்பதிவு செய்யும்போதே ஏறும் இடத்தைத் தாம்பரம் என்று கொடுத்துவிடுங்கள். எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்களைத் தாம்பரத்திலிருந்தே கிளப்புவதும் உண்டு. டிக்கெட்டில் போட்டிருப்பதோடு, கிளம்பும் நாளில் குறுஞ்செய்தியையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ரயில் என்று முடிவு செய்தவர்கள் பகலா இரவா என்று அடுத்து முடிவு செய்ய வேண்டும்.

இரவு என்றால் மதுரைக்காரர்கள் வாயில் முதலில் வருவது பாண்டியன் எக்ஸ்பிரஸ். இரவு ஒன்பதரை, பத்து மணி வாக்கில் எழும்பூரில் கிளம்பி விடியற்காலை ஐந்தரை வாக்கில் மதுரையில் விடுகிறது. சாப்பிட்டுவிட்டு ஏறி, பல் துலக்கும் நேரத்தில் இறங்கலாம். ஸ்லீப்பர் 300 ரூபாய்க்குச் சற்று மேல், மூன்றடுக்கு ஏசி 800–900. இந்த விலைக்கு ஒரு படுக்கை, ஒரு கழிவறை, சாலை விபத்தைப் பற்றிய பயமில்லாத ஓர் இரவு. மூன்று வாகனங்களையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தால் இதற்குப் பக்கத்தில் எதுவும் வராது என்பது என் தீர்ப்பு. நெல்லை, பொதிகை, முத்துநகர், கன்னியாகுமரி எல்லாமும் மதுரை வழியாகத்தான் போகின்றன. ஆனால் அவை தெற்கே போகிற வண்டிகள். மதுரையில் இறக்கிவிடுவது நள்ளிரவு தாண்டியோ, விடிவதற்கு வெகு முன்போ இருக்கும். மதுரையோடு முடிகிற வண்டியில் தூங்கிப்போனாலும் யாராவது எழுப்பிவிடுவார்கள். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் அசந்துவிட்டால் கண் விழிக்கும்போது கோவில்பட்டி. இன்னொன்று, மதுரையில் முடியும் ரயில்களில் மதுரைக்கான இடங்கள் அதிகம். காத்திருப்புப் பட்டியலும் அவற்றில் சற்று வேகமாக நகரும்.

பகல் என்றால் முக்கியமாக நான்கு வண்டிகள். 1977 ஆகஸ்ட் 15 அன்று மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கிய வைகை இன்னும் ஓடுகிறது. மதுரையில் காலை கிளம்பி மதியம் சென்னை, சென்னையில் மதியம் கிளம்பி இரவு மதுரை, ஏழரை மணி நேரம். இருக்கை மட்டும் கொண்ட இரண்டாம் வகுப்பு 200 ரூபாய்க்குள். இதைவிட மலிவாக ஒருவர் முன்பதிவு செய்து உட்கார்ந்து மதுரைக்குப் போவது கடினம். 2019 மார்ச்சில் வந்த தேஜஸ் காலை ஆறு மணிக்கு எழும்பூரில் கிளம்பி, பன்னிரண்டேகால் வாக்கில் மதுரை சேர்கிறது. 2023 செப்டம்பரில் வந்த திருநெல்வேலி வந்தே பாரத் பிற்பகலில் கிளம்பி இரவு எட்டு மணிக்கு மேல் மதுரையைத் தொடுகிறது. 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிய நாகர்கோவில் வந்தே பாரத் அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பி பத்தே முக்காலுக்குள் மதுரை. தேஜஸும் வந்தே பாரத்தும் வாரத்தில் ஒரு நாள் ஓடாது. எந்த நாள் என்பது வண்டிக்கு வண்டி வேறு.

அந்த ஐந்து மணியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்த நேரத்துக்கு எழும்பூர் போய்ச் சேர மெட்ரோ கிடையாது. வேளச்சேரியிலிருந்து வருகிறவர் மூன்றரைக்கு எழுந்து, ஆட்டோக்காரர் வருவாரா மாட்டாரா என்று வாசலில் நிற்க வேண்டும். மறுமார்க்கத்தில் அதே வண்டி மாலை ஆறு மணி வாக்கில் மதுரையில் கிளம்பி இரவு பதினொன்றுக்கு எழும்பூர் வருகிறது. அந்த நேரத்தில் கடைசி மெட்ரோ கிடைப்பது சந்தேகம். டிக்கெட்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் கொடுத்துச் சேமித்த ஒன்றரை மணி நேரத்தை நகரத்துக்குள்ளேயே தொலைத்துவிடுகிறோம். தாம்பரத்தில் ஏறி இறங்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மதுரையில் ஒரு வேலையை முடித்துவிட்டு அன்றே திரும்ப வேண்டியவர்களுக்கும் இது ஒரு வரம். காலை பத்தே முக்காலுக்கு இறங்கி மாலை ஆறு மணிக்கு ஏறினால் நடுவே ஏழு மணி நேரம். நீதிமன்ற வாய்தா, பத்திரப்பதிவு, பெண் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் போதும்.

வேடிக்கை பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து போகும்போது வைகையில் திருச்சி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மதுரையிலிருந்து வரும்போது அதே வைகையில் சிறுமலை அடிவாரமும் காவிரியும் கொள்ளிடமும் மலைக்கோட்டையும் காலை வெயிலில் கிடைக்கின்றன. நடுவில் மணப்பாறை முறுக்கு. கண்ணாடி திறக்காத வண்டிகளில் இது கிடைக்காது.

ரயிலைப் பற்றி இவ்வளவு புகழ்ந்தாலும் டிக்கெட் என்று ஒன்று இருக்கிறது. 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போக நவம்பர் நடுவில் காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும், சில நிமிடங்களில் பாண்டியன் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும். ஆன்லைனில் எடுத்த டிக்கெட், பயணிகளின் இறுதிப் பட்டியலான சார்ட் தயாரான பிறகும் காத்திருப்பிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும், ஏற முடியாது. ஆர்ஏசி என்றால் ஏறலாம், ஆனால் பக்கவாட்டுக் கீழ் பெர்த்தில் முன்பின் தெரியாத ஒருவரோடு எதிரெதிரே காலை மடக்கி இரவைக் கழிக்க வேண்டும். அவர் உயரமானவராக இல்லாதபடி வேண்டிக்கொள்ளலாம். கடைசி நேர முன்பதிவான தட்கல் முந்தைய நாள் ஏசிக்குக் காலை பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொன்று. 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்கு இல்லாமல் ஆன்லைனில் அதுவும் கிடையாது. சார்ட் இப்போது முன்பைவிடச் சீக்கிரமே தயாராவதில் ஒரு நன்மை உண்டு. கிடைக்கவில்லை என்று தெரிந்த பிறகும் பஸ்ஸுக்கு மாற நேரம் இருக்கிறது.

பஸ்ஸின் பலமே அதுதான். மாலை ஆறு மணிக்குத் தோன்றினால் எட்டு மணிக்கு ஏறலாம். ஊரில் ஒரு சாவு, காலைக்குள் போயாக வேண்டும் என்றால் தட்கல் என்ன செய்யும்? கிளாம்பாக்கத்துக்குப் போனால் மதுரை வண்டி ஏதாவது நிற்கும். நேரடி வண்டி இல்லையென்றால் திருச்சி வண்டியில் ஏறி, 2025-இல் திறந்த பஞ்சப்பூர் நிலையத்தில் மாறினால் மதுரைக்கு இரவெல்லாம் பஸ் உண்டு. உடம்பு அசதியாக இருக்கும், போய்ச் சேர்ந்துவிடலாம்.

பஸ்ஸிலும் இரண்டு உலகங்கள். அரசு விரைவு பஸ்ஸின் கட்டணம் 2018 ஜனவரிக்குப் பிறகு உயரவில்லை என்பதால் சாய்வு இருக்கை வண்டி இன்றைக்கு மிக மலிவு. பண்டிகை வந்தாலும் அதே கட்டணம். ஆம்னி பஸ்ஸில் செவ்வாய்க்கிழமை 700 ரூபாய்க்குப் போகிற படுக்கை, தீபாவளிக்கு முந்தைய இரவு மூன்று மடங்கு, நான்கு மடங்கு ஆகிறது. ஒவ்வொரு ஆண்டும் போக்குவரத்துத் துறை எச்சரிக்கை விடுவதும், ஒவ்வொரு ஆண்டும் அதே விலைக்கு ஏறுவதும் பண்டிகையின் சடங்குகளில் ஒன்றாகிவிட்டன. சாதாரண நாள்களில் மூன்றடுக்கு ஏசி ரயிலுக்கும் ஏசி படுக்கை பஸ்ஸுக்கும் விலை ஏறத்தாழ ஒன்று. ஒரே விலை என்றால் ரயில் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

படுக்கை பஸ்ஸில் போகத்தான் வேண்டும் என்றால் எந்தப் படுக்கை என்பதைப் பார்த்து எடுங்கள். கடைசி வரிசை மேல் படுக்கை பின் சக்கரத்துக்கும் பின்னால் தொங்குகிறது. வேகத்தடை வரும்போதெல்லாம் உடம்பு ஒரு சாண் எழும்பி விழும். அதுதான் எப்போதும் கடைசிவரை விற்காமல் கிடக்கும், மலிவாகவும் காட்டும். நடுப்பகுதியில், ஒற்றைப் படுக்கை இருக்கிற பக்கத்தில், கீழே கிடைத்தால் நல்லது. தலைக்கு மேலே ஏசி காற்று வரும் ஓட்டையின் மூடி பெரும்பாலும் உடைந்திருக்கும், முந்தைய பயணி செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து வைத்திருப்பார். அதை எடுத்துவிடாதீர்கள், அதிகாலை மூன்று மணிக்கு அதன் அருமை தெரியும்.

பஸ்ஸில் கழிவறை பொதுவாகக் கிடையாது. விழுப்புரத்துக்கும் பெரம்பலூருக்கும் நடுவே எங்காவது ஒரு சாலையோர உணவகத்தில் நிறுத்துவார்கள். பாட்டு அலறும், டீ இரண்டு மடங்கு விலை, கழிவறைக்குத் தனிக் காசு. ஓட்டுநருக்கு உள்ளே தனியாகச் சாப்பாடு வைத்திருப்பார்கள் என்பதால் அந்த இடத்தை விட்டு வேறு இடத்தில் வண்டி நிற்காது. சர்க்கரை நோய் உள்ளவர்கள், புரோஸ்டேட் தொல்லை உள்ள பெரியவர்கள், கர்ப்பிணிகள் வீட்டில் இருந்தால் மேற்கொண்டு ஒப்பிட எதுவும் இல்லை, ரயில்தான். அதிலும் 60 வயது தாண்டிய ஆண்களுக்கும் 45 தாண்டிய பெண்களுக்கும் இடம் இருக்கும்பட்சத்தில் கீழ் பெர்த் ஒதுக்கும் ஏற்பாடு ரயில்வேயில் இருக்கிறது. கட்டணச் சலுகையைத்தான் 2020-இல் நிறுத்தியவர்கள் திரும்பக் கொடுக்கவே இல்லை.

கார் கணக்கைப் பணத்திலிருந்து தொடங்கலாம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிற பெட்ரோல் கார், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு வழிக்கு 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். சுங்கச்சாவடிகள் எட்டு: பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி. அதற்கு அறுநூறு, எழுநூறு. ஆக ஒரு வழிக்கு 3,700 வாக்கில். ஒருவர் போனால் ஊதாரித்தனம், இருவர் போனாலும் நியாயமில்லை. நான்கு பேர் போனால் தலைக்கு 900-த்துச் சொச்சம், அதாவது மூன்றடுக்கு ஏசிக்குக் கொஞ்சம் மேல். ஸ்லீப்பரையும் அரசு பஸ்ஸையும் கார் எத்தனை பேரை அடைத்தாலும் தோற்கடிக்காது. டயர் தேய்மானம், சர்வீஸ் எல்லாம் இந்தக் கணக்கில் வரவே இல்லை. காரில் போவது மிச்சம் என்று சொல்கிற சித்தப்பாக்கள் பெட்ரோலை மட்டும்தான் எண்ணுகிறார்கள்.

அடிக்கடி போகிறவர்களுக்கு ஒரு விதிவிலக்கு. 2025 ஆகஸ்ட் 15 அன்று சொந்தக் கார்களுக்கு 3,000 ரூபாயில் ஃபாஸ்டேக் ஆண்டுச் சீட்டு அறிமுகமானது. ஓர் ஆண்டு அல்லது 200 முறை, எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். இந்தப் பாதையில் போக எட்டு, வர எட்டு என்று பதினாறு முறை கழியும். பன்னிரண்டு தடவை மதுரை போய் வரலாம், அந்த விலைக்கு ஒரு தடவைக்குச் சுங்கம் 250 ரூபாய். மாதம் ஒருமுறை பெற்றோரைப் பார்க்கப் போகிறவர் இதை வாங்காமல் இருந்தால் அது வேண்டுமென்றே காசை விடுவது. ஃபாஸ்டேக் இல்லாமல் போனால் சுங்கம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கார் ஜெயிப்பது மதுரையில் இறங்கிய பிறகு. அழகர்கோவில், திருப்பரங்குன்றம், அத்தை வீடு, குலதெய்வக் கோயில் என்று மூன்று நாள் சுற்ற வேண்டியிருந்தால், கைக்குழந்தையும் சீர்வரிசைத் தட்டுகளும் கூட வந்தால், அந்த 3,700 ஆட்டோக் கூலியிலேயே வசூலாகிவிடும். குலதெய்வம் பஸ் போகாத காட்டுக்குள் இருக்கும் என்பது ஏறத்தாழ எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தும். மாறாக, மீனாட்சியம்மன் கோயிலுக்கு மட்டும் போகிறீர்கள் என்றால் கார் பாரம்தான். சித்திரை வீதிகளுக்குள் வண்டி விடுவதில்லை, மாசி வீதிகளில் நிறுத்த இடம் தேடியே அபிஷேக நேரம் போய்விடும். சித்திரைத் திருவிழா சமயத்தில் காரோடு மதுரைக்குள் நுழைவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சாலை நன்றாக இருக்கிறது, நான்கு வழி. அதிகாலை நாலரைக்குக் கிளம்பினால் செங்கல்பட்டு தாண்டும்போது வெளிச்சம் வந்துவிடும். திருச்சியில் காலைச் சாப்பாடு, மதிய உணவுக்கு மதுரை. இரவில் ஓட்டுவதுதான் எனக்குச் சம்மதமில்லாத விஷயம். அலுவலகம் முடித்துவிட்டு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குச் சாவியை எடுக்கிறவருக்கு, தொழுதூர், பெரம்பலூர் பகுதி வரும்போது மணி இரண்டு. நேரான சாலை, இருட்டு, ஓரத்தில் பின்விளக்கு எரியாமல் நிற்கிற லாரி. தூக்கம் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு வருவதில்லை. இரவுதான் கிளம்ப முடியும் என்றால் காரை வீட்டில் விட்டுவிடுங்கள், அல்லது பகலில் தூங்கி எழுந்த இன்னொரு ஓட்டுநர் கூட இருக்கட்டும். மஞ்சள் பலகை வண்டி ஒரு வழிக்குப் பேசினால் சுங்கமும் ஓட்டுநர் பேட்டாவும் சேர்த்து ஏழாயிரம் வாக்கில் வரும். நான்கு பேருக்கு அது விலை அதிகம். படுக்கையில் இருக்கிற ஒரு பெரியவரை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க அதை விட்டால் வேறு நல்ல வழி இல்லை.

பண்டிகைக்கு முந்தைய நாள் மாலை பெருங்களத்தூரிலிருந்து பரனூர் வரை காரும் பஸ்ஸும் ஒன்றுதான், இரண்டும் நிற்கும். ரயில் மட்டும் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்க்கொண்டிருக்கும்.

இனி மதுரையில் இறங்கும் இடம். பலரும் கவனிக்காத ஒன்று, சாலையும் தண்டவாளமும் திருச்சிக்குப் பிறகு வெவ்வேறு வழியில் போகின்றன. ரயில் மணப்பாறை, திண்டுக்கல், கொடைரோடு வழியாக மேற்கே சுற்றி வருகிறது. சாலை விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழியாக நேரே இறங்குகிறது. ஆகவே மேலூர், ஒத்தக்கடை, கே.கே. நகர்க்காரர்களுக்கு பஸ்தான் வசதி, வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். வத்தலக்குண்டு, பெரியகுளம் பக்கம் போகிறவர்கள் மதுரை வரை வர வேண்டியதில்லை. பாண்டியனில் கொடைரோட்டில் இறங்கினால் போதும். மதுரை ரயில் நிலையம் ஊருக்கு நடுவில் இருக்கிறது. கோயில் நடக்கிற தூரம், பெரியார் பஸ் நிலையம் எதிரிலேயே. சென்னை பஸ்கள் வந்து நிற்கிற மாட்டுத்தாவணி பஸ் நிலையம் அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி. ஆனால் மேற்கொண்டு சிவகங்கை, ராமநாதபுரம் போகிறவர்களுக்கு மாட்டுத்தாவணியில் இறங்கினால் அடுத்த பஸ் அதே வளாகத்தில். உசிலம்பட்டி, தேனி என்றால் ஆரப்பாளையம் பஸ் நிலையம் போக வேண்டும், அதற்கு ரயில் நிலையம் பக்கம்.

போவதையும் வருவதையும் ஒரே வண்டியில் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. போகும்போது பாண்டியன், வரும்போது பகல் வைகை என்பது தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்கு நான் சொல்கிற ஏற்பாடு. திங்கள் காலை வேலைக்குப் போயாக வேண்டும், ஞாயிறு இரவு ரயில் கிடைக்கவில்லை என்றால் மாட்டுத்தாவணியில் எட்டு மணிக்குள் கிளம்புகிற அரசு பஸ்ஸைப் பிடியுங்கள். பத்து மணி வண்டியில் ஏறினால் விடியும் நேரத்தில் பரனூர் நெரிசலில் நிற்பீர்கள். கிளாம்பாக்கத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர்களோடு பேரம் பேச வேண்டாம். மாநகரப் பேருந்தில் தாம்பரம் போய், அங்கே மின்சார ரயில் ஏறுவது மலிவு. காலை நேரத்தில் பல நாள் அதுவே சீக்கிரமும்கூட.